மெதுவாக ஓடுவதற்காக ஒரு வண்டியைப் புதுப்பித்தல்

மோட்டார்சைக்கிள் போட்டி என்றவுடன் வேகம் நினைவுக்கு வருவது இயல்பு. டிரையல்ஸில் அந்த நினைப்புக்கு இடமில்லை. ஓடைப் படுகை, பாசி படிந்த பாறை, வேர்கள் பின்னிய சரிவு, ஈரச் சேறு போன்ற இடங்களில் சில பத்து மீட்டர் நீளத்துக்கு இருபுறமும் கொடியோ அம்புக்குறியோ வைத்து எல்லை வகுத்திருப்பார்கள். அந்த இடத்தைக் கால் தரையில் படாமலும் வண்டி நிற்காமலும் கடப்பதுதான் விளையாட்டு. அதைச் செக்ஷன் என்பார்கள். ஒருமுறை கால் ஊன்றினால் ஒரு தண்டப் புள்ளி, இருமுறைக்கு இரண்டு, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் மூன்று. விழுந்தாலும், எல்லையைத் தாண்டினாலும், பெரும்பாலான பழைய வண்டிப் போட்டிகளில் நின்றுவிட்டாலும் ஐந்து. எல்லாச் செக்ஷன்களிலும் சேர்த்துக் குறைந்த புள்ளி பெற்றவரே வென்றவர். கண்காணிப்பாளர் ஒருவர் செக்ஷனின் ஓரத்தில் நின்று ஓட்டுபவரின் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் தொழில்முறை மெக்கானிக் அல்லன்; கோப்பை வாங்கும் ஓட்டுநரும் அல்லன். வேலை முடிந்த மாலைகளிலும் விடுமுறை நாட்களிலும் பழைய டிரையல்ஸ் வண்டிகளைப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, மீண்டும் பூட்டி, அவற்றுக்கென்றே நடக்கும் போட்டிகளின் எளிய தடத்தில் ஓட்டிப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. பழைய வண்டிகளில் ஆர்வமுள்ள நண்பர்களிடம் பேசும்போது ஒரு வேறுபாடு தவறாமல் எழுகிறது. அவர்களுக்குப் புதுப்பித்தல் என்பது சரியான வண்ணம், பளிச்சிடும் குரோம், தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த அதே ஸ்டிக்கர். டிரையல்ஸ் வண்டிக்கு அந்த அளவுகோல் போதாது. மனிதன் நடக்கும் வேகத்தில், இதோ நின்றுவிடும் என்று தோன்றும் சுழற்சியில், எஞ்சின் தயங்காமல் இழுக்கிறதா என்பதே அதற்கான தேர்வு. பட்டறையில் செய்யும் ஒவ்வொரு வேலையையும் இந்தத் தேர்வை மனத்தில் வைத்தே செய்ய வேண்டும் என்பது என் கருத்து. இந்தப் பதிவு முழுவதும் அதைப் பற்றியதுதான்.

வண்டிகள் எப்படி இந்த வடிவத்துக்கு வந்தன என்பதைச் சற்றே சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தில் 1909இல் தொடங்கி 1911 முதல் ஆறு நாள் போட்டியாக மாறிய ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸ் டிரையல்தான் இந்த விளையாட்டின் பெருவிழா. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் அங்கே ஆதிக்கம் செலுத்தியவை பிரிட்டனின் கனமான ஒற்றைச் சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகள். ஏஜேஎஸ் வண்டியில் ஹியூ வைனி 1947, 1948, 1949 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்றார். அதே நிறுவனத்தின் வண்டியில் கார்டன் ஜாக்சன் 1961இல் ஆறு நாட்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு புள்ளி மட்டும் பெற்று வென்றார். அதாவது அத்தனை செக்ஷன்களிலும் அவருடைய கால் ஒரே ஒருமுறைதான் தரையைத் தொட்டது. ராயல் என்ஃபீல்டைச் சாலை வண்டியாக மட்டுமே அறிந்தவர்களுக்கு ஓர் இடைச்செய்தி: ஜானி பிரிட்டன் 1952, 1957 ஆகிய ஆண்டுகளில் இதே போட்டியை ராயல் என்ஃபீல்டில்தான் வென்றார்.

இந்தக் காலகட்டத்தின் உச்சம் ஏரியல் எச்டி5. ஐந்நூறு சிசி எஞ்சின் கொண்ட அந்த வண்டியை அதன் ஓட்டுநர் சாமி மில்லர் ஆண்டுக்கணக்கில் செதுக்கி, தொழிற்சாலை எடையிலிருந்து வெகுவாகக் குறைத்து, ஏறத்தாழ 110 கிலோவுக்குக் கொண்டுவந்தார். ஜிஓவி 132 என்ற அதன் பதிவெண்ணே டிரையல்ஸ் உலகில் ஒரு பெயராகிவிட்டது. அந்த மில்லரே 1964ஆம் ஆண்டின் இறுதியில் ஏரியலை விட்டுவிட்டு ஸ்பெயினின் புல்டாகோ நிறுவனத்துக்குப் போனார். மாண்டேசா நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவராக இருந்து, 1958இல் அதிலிருந்து விலகிப் புல்டாகோவை உருவாக்கிய பிரான்சிஸ்கோ புல்டோவுடன் சேர்ந்து அவர் வடிவமைத்த ஷெர்பா டி, 244 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சினுடன் 90 கிலோவுக்குச் சற்று மேலான எடையில் வந்தது. 1965இல் மில்லர் அதில் ஸ்காட்லாந்துப் போட்டியை வென்றபோது, கனமான ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளின் காலம் முடிந்துவிட்டது.

அதன் பிறகு நடந்ததை விரைவாகவே சொல்லலாம். மாண்டேசா 1968இல் கோட்டா 247ஐக் கொண்டுவந்தது. மிக் ஆண்ட்ரூஸ் 1970 முதல் 1972 வரை ஸ்காட்லாந்தில் ஒஸ்ஸா வண்டியில் வென்றார். ஒஸ்ஸாவின் எம்ஏஆர் (மிக் ஆண்ட்ரூஸ் ரெப்ளிகா) மாடல் அவர் பெயரைத் தாங்கியது. பின்னர் யமஹாவுக்குச் சென்று டிஒய் வரிசைக்கு உருவம் கொடுத்தவரும் அவரே. உலக சாம்பியன் பட்டம் 1975இல் தொடங்கியது. முதல் பட்டம் புல்டாகோவில் மார்ட்டின் லாம்ப்கினுக்கு, அடுத்த மூன்றும் அதே வண்டியில் ஃபின்லாந்தின் வெஸ்டரினனுக்கு. எல்லாரும் டூ ஸ்ட்ரோக்குக்கு மாறிய பிறகும் 1982 முதல் 1984 வரை எடி லெஜூன் ஹோண்டாவின் ஃபோர் ஸ்ட்ரோக்கில் மூன்று பட்டங்கள் வென்றது இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த முரண். பின்புறம் ஒற்றை ஷாக் அப்சார்பர் கொண்ட யமஹா டிஒய் 250 1984ஆம் ஆண்டு மாடலாகச் சந்தைக்கு வந்ததும், இரட்டை ஷாக் வண்டிகள் சில ஆண்டுகளில் பழையவை ஆகிவிட்டன. இன்று பழைய வண்டிப் போட்டிகளில் முதன்மையான இரண்டு பிரிவுகள் இந்த வரலாற்றிலிருந்தே பிறந்தவை: 1965க்கு முந்தைய பிரிட்டிஷ் வண்டிகளுக்கு ஒன்று, காற்றால் குளிரும் எஞ்சினும் டிரம் பிரேக்கும் கொண்ட இரட்டை ஷாக் வண்டிகளுக்கு மற்றொன்று.

புதிதாக வருபவர் எந்த வண்டியை எடுக்கலாம் என்று கேட்டால், உதிரிபாகம் கிடைக்கும் வண்டியை எடுங்கள் என்பதே என் பதில். யமஹா டிஒய் 175, ஹோண்டா டிஎல்ஆர் 200, ஃபேன்டிக் 200 போன்றவை ஓட்டுபவரிடம் பொறுமையாக நடந்துகொள்ளும். ஷெர்பாவும் கோட்டாவும் மனத்தை இழுக்கும். அவற்றுக்கும் பாகங்கள் கிடைக்கின்றன. ஆனால் பல ஸ்பானிய, பிரிட்டிஷ் வண்டிகளில் கியர் வலப்புறமும் பின் பிரேக் இடப்புறமும் இருக்கும். இன்றைய வண்டியில் பழகிய கால், பாறைமேல் சிக்கிய கணத்தில் தவறான பக்கம் அழுத்தும். இதை வாங்கும் முன்பே எண்ணிப் பார்க்க வேண்டும். பிரித்துப் பெட்டிகளில் போட்ட நிலையில் விற்பனைக்கு வரும் வண்டியைவிட, அழுக்கோடும் துருவோடும் முழுமையாக நிற்கும் வண்டி எப்போதும் மேல். அதில் என்ன இல்லை என்பது கண்ணுக்குத் தெரியும்.

எஞ்சினுக்கு வருகிறேன். இங்கேதான் நேரமும் சிந்தனையும் மிகுதியாகச் செலவாக வேண்டும். சாலையில் ஓடும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் சிறு காற்றுக் கசிவு இருந்தால், அதிகச் சுழற்சியில் ஓடும்போது அது மறைந்துபோகலாம். டிரையல்ஸ் வண்டியோ தன் வாழ்நாளின் பெரும்பகுதியைத் திராட்டில் சற்றே திறந்த நிலையிலேயே கழிக்கிறது. அந்த நிலையில் எஞ்சினுக்குள் செல்லும் காற்றும் பெட்ரோலும் மிகக் குறைவு என்பதால், வேறு வழியாக நுழையும் சிறிதளவு காற்றும் கலவையைக் கெடுத்துவிடும். திராட்டிலை மூடியும் சுழற்சி இறங்க மறுப்பது, சரிவில் இறங்கும்போது வண்டி தானாக முன்னே தள்ளுவது, ஒருநாள் ஒழுங்காகவும் மறுநாள் தாறுமாறாகவும் ஓடுவது ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் காரணம் கிராங்க் தண்டின் இருபுறமும் உள்ள ஆயில் சீல்கள். பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற வண்டியில் அவை காய்ந்து இறுகிப் போயிருக்கும். மேக்னட் பக்கத்துச் சீல் போனால் காற்று புகும்; கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர்பாக்ஸ் ஆயில் உள்ளே இழுக்கப்பட்டு, எவ்வளவு ஓட்டினாலும் வெண்புகை நிற்காது.

அதனால் எஞ்சினைப் பூட்டி முடித்ததும், கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் அடைத்து, சுமார் 6 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்றை ஏற்றி, சில நிமிடங்கள் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பேன். இறங்கினால் சோப்பு நீரைத் தடவினால் போதும், கசிவு எங்கே என்பது குமிழியாகத் தெரிந்துவிடும். இந்தச் சோதனைக்குத் தேவையானவை ஒரு ரப்பர் அடைப்பான், பழைய சைக்கிள் டியூபின் வால்வு, கைப்பம்பு, சிறிய அழுத்தமானி ஆகியவை மட்டுமே. வண்ணம் அடிக்க வாரக்கணக்கில் செலவிடும் பலர் இந்த அரைமணி நேர வேலையைச் செய்வதில்லை என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

கிராங்கைப் பொறுத்தவரை, கனெக்டிங் ராடில் பக்கவாட்டு அசைவு சிறிது இருக்கலாம்; மேலும் கீழுமான ஆட்டம் துளியும் கூடாது. இருந்தால் கிராங்கைப் பிரஸ்ஸில் பிரித்து, புதிய பின்னும் பேரிங்கும் போட்டு, இருபுறத் தண்டுகளும் ஒரே நேர்க்கோட்டில் 0.05 மில்லிமீட்டருக்குள் சுழலும்படி தட்டி நேர்செய்ய வேண்டும். இந்த வேலையை அனுபவமுள்ள லேத் பட்டறையிடம் ஒப்படைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சிலிண்டர் தேய்ந்திருந்தால் அடுத்த ஓவர்சைஸ் பிஸ்டனுக்குப் போர் செய்யலாம். ஆனால் பிஸ்டனை முதலில் கையில் வாங்கி, அதை அளந்த பிறகே சிலிண்டரைக் கடைய வேண்டும். மெயின் பேரிங்குகளைச் சுத்தியலால் அடித்து இறக்குவது பழைய அலுமினியக் கேஸின் ஆயுளைக் குறைக்கும் வழி. கேஸைச் சுமார் 100 டிகிரி செல்சியஸுக்குச் சீராகச் சூடாக்கி, பேரிங்கை ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் அது தன் எடையாலேயே இருக்கையில் போய் அமரும். அந்த ஓசை கேட்கும்போது உண்டாகும் நிறைவைச் செய்தவர்கள் அறிவார்கள்.

அடுத்தது ஃபிளைவீல். டிரையல்ஸ் எஞ்சினின் உயிர் அதன் கனமான ஃபிளைவீலில் இருக்கிறது. குயவரின் திருகை ஒருமுறை வேகம் பிடித்தால் கையெடுத்த பிறகும் சுற்றிக்கொண்டிருப்பதைப் போல, அந்தக் கனம் எஞ்சினை அடுத்த எரிப்பு வரை இழுத்துச் செல்கிறது. வழுக்கும் பாறையில் திடீர் விசை சக்கரத்தைச் சுழலச் செய்துவிடும். கனமான ஃபிளைவீல் அந்த விசையை மென்மையாக்குகிறது. எனவே எடையைக் குறைக்கும் ஆர்வத்தில் ஃபிளைவீலைக் கடைவதும், அதிகச் சக்திக்காகச் சிலிண்டரின் போர்ட் துளைகளை அகலப்படுத்துவதும் இந்த விளையாட்டைப் புரிந்துகொள்ளாத செயல்கள். சக்தி போதவில்லை என்று தோன்றினால் முதலில் முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல்லைக் குறைத்துப் பாருங்கள். பின்புறத்தில் மூன்று நான்கு பற்கள் கூட்டியதற்கு அது ஏறத்தாழச் சமம். செலவும் குறைவு, வேண்டாமென்றால் மாலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம்.

கார்புரேட்டர் விஷயத்திலும் இதே தர்க்கம்தான். பிரிட்டனின் அமல் நிறுவனக் கார்புரேட்டர்களில், திராட்டிலோடு ஏறி இறங்கிக் காற்றின் வழியைத் திறந்து மூடும் ஸ்லைடு பல ஆண்டு ஓட்டத்தில் தேய்ந்து, உடலுக்கும் ஸ்லைடுக்கும் இடையில் காற்று கசியத் தொடங்கும். முழுத் திராட்டிலில் அந்தக் கசிவு பொருட்டே அல்ல. டிரையல்ஸ் ஓட்டம் நடக்கும் முதல் எட்டில் ஒரு பங்குத் திறப்பில் அதுவே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. தேய்ந்த கார்புரேட்டரை ஜெட் மாற்றிச் சரிசெய்ய முயல்வது வீண் வேலை. புதிய ஸ்லைடோடு உடலைச் சீராக்க வேண்டும், அல்லது புதிய கார்புரேட்டர் வாங்க வேண்டும். மிக்குனி, டெல்லோர்ட்டோ போன்ற வேறு நிறுவனக் கார்புரேட்டர்களுக்கு மாறுபவர்களும் உண்டு. கார்புரேட்டர் புதிதாக இருந்தாலும் குறைந்த சுழற்சியில் பெட்ரோல் தரும் பைலட் ஜெட்டின் நுண்ணிய வழியில் காய்ந்த பெட்ரோலின் பிசின் படிந்திருக்கும்; அதைக் கம்பியால் குத்தாமல், கரைப்பானில் ஊறவைத்துக் காற்றால் ஊத வேண்டும்.

மின்பொறி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய மேக்னட்டுகளில் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருந்தால் போதும். ஆறிய நிலையில் உடனே எழுந்து, சூடானதும் அணைந்து, ஆறும்வரை எழ மறுக்கும் வண்டியில் கண்டென்சரையோ காயிலையோதான் முதலில் ஐயப்பட வேண்டும். எலெக்ட்ரானிக் முறைக்கு மாற்றலாம். ஆனால் புதிய அமைப்போடு வரும் ரோட்டார் பழைய ஃபிளைவீலைவிட இலேசாக இருந்தால், மேலே சொன்ன குணம் போய்விடும். அதற்கெனக் கனவளையம் சேர்க்க வேண்டியிருக்கும்.

புல்டாகோ, ஒஸ்ஸா, மாண்டேசா வண்டிகளின் அழகே அவற்றின் ஃபைபர்கிளாஸ் உடல்தான். கோட்டா 247இன் டேங்கும் இருக்கையும் ஒரே கோடாக வளைந்து செல்வதைப் பார்த்தவர்கள் மறப்பதில்லை. ஆனால் அந்த டேங்குகள் எத்தனால் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் அந்தப் பழைய பாலியஸ்டர் பிசினை மெல்ல இளக்கும். இளகியது கார்புரேட்டருக்கும் பிஸ்டனுக்கும் வந்து கரும்பசையாக ஒட்டும். வெளியே வண்ணம் கொப்பளிக்கும். உட்புறத்தைச் சுத்தமாகக் காயவைத்து, எத்தனாலைத் தாங்கும் எபாக்ஸிப் பூச்சு கொடுப்பது ஒரு வழி. அதே வடிவில் செய்த அலுமினிய டேங்குக்கு மாறுவது மற்றொரு வழி. நான் முதல் வழியைத் தேர்ந்திருக்கிறேன். அதோடு ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் டேங்கைக் காலி செய்துவிடுகிறேன். ஓட்டாத நாட்களில் டேங்கில் பெட்ரோல் நிற்கத் தேவையே இல்லை.

சட்டகத்தில் முதலில் பார்க்க வேண்டியது வண்ணத்தை அல்ல, விரிசலை. ஃபுட்ரெஸ்ட் பிடிப்புகள், ஸ்டியரிங் தலைக்குக் கீழேயுள்ள குழாய் இணைப்பு, ஷாக் அப்சார்பரின் மேல் பிடிப்பு ஆகிய மூன்று இடங்களில்தான் பாரம் விழுகிறது. தடிமனான பவுடர் பூச்சு அங்கே உள்ள விரிசலை ஆண்டுக்கணக்கில் மறைத்துவிடும் என்பதால், என் வண்டிகளுக்கு மெல்லிய சாதாரண வண்ணத்தையே பூசுகிறேன். கீறல் விழுந்தால் தூரிகையால் தொட்டுக்கொள்ளலாம். ஸ்விங்கார்ம் புஷ்ஷிலும் ஸ்டியரிங் பேரிங்கிலும் ஆட்டமோ இறுக்கமோ கூடாது. குறிப்பாக ஸ்டியரிங் நடுவில் சிக்குவதுபோல் உணர்வு தந்தால், அந்தப் பேரிங் தன் தடத்தில் பள்ளம் போட்டுவிட்டது என்று பொருள். அப்படிப்பட்ட வண்டியை மெதுவான வேகத்தில் சமநிலையில் நிறுத்தவே முடியாது.

ஜப்பானிய வண்டிகளைப் பிரிப்பவர்களுக்கு ஒரு சொல்: அவற்றின் நட்சத்திர ஸ்குரூக்கள் சாதாரண ஸ்குரூ டிரைவருக்குப் பொருந்துவதுபோல் தோன்றினாலும் பொருந்தாது. ஜேஐஎஸ் எனப்படும் ஜப்பானிய அளவுக்குச் செய்த முனையைப் பயன்படுத்தினால் பாதி ஸ்குரூக்கள் தலை சிதையாமல் வெளியே வரும்.

டிரம் பிரேக்கை இன்றைய டிஸ்க் பிரேக்குடன் ஒப்பிட்டு ஏமாற்றமடைவதில் பயனில்லை. அது இருக்க வேண்டிய அளவுக்கு இருக்கிறதா என்று பார்ப்பதே முறை. டிரம்மை அதே சக்கரத்தில் ஸ்போக் கட்டிய நிலையில் லேத்தில் மெலிதாகக் கடைந்து வட்டமாக்கி, மென்மையான புதிய லைனிங் ஒட்டி, அந்த லைனிங்கையும் டிரம்மின் அளவுக்கே கடைந்தால், வேகம் குறைந்த இந்த விளையாட்டுக்குத் தேவையான பிரேக் கிடைத்துவிடும். ஓடையைக் கடந்த பிறகு பிரேக் பிடிக்காது. அடுத்த செக்ஷனுக்கு முன் சிறிது தூரம் இலேசாக அழுத்தியபடியே ஓட்டி அதைக் காயவைக்க வேண்டும்.

எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்ற விவாதம் இங்கே தவிர்க்க முடியாதது. 1965க்கு முந்தைய பிரிவில், ட்ரையம்ஃப் டைகர் கப் அல்லது பிஎஸ்ஏ பான்டம் எஞ்சினைச் சுற்றி, புதிதாகச் செய்த இலேசான சட்டகமும் இன்றைய ஃபோர்க் உட்பாகங்களும் புதிய ஹப்புகளும் வைத்து உருவாகும் வண்டிகள் உண்டு. விதிகளுக்கு உட்பட்டவை என்று அவை ஏற்கப்படுகின்றன. ஓட்டவும் அருமையாக இருக்கின்றன. அந்த எஞ்சின்கள் பிறந்த காலத்தில் அப்படி ஒரு வண்டி உலகில் எங்கும் ஓடவில்லை என்பதும் உண்மை. எனக்கு அதில் கோபம் இல்லை. மில்லர் தன் ஏரியலுக்குச் செய்ததும் ஓயாத மாற்றம்தானே என்பவர்களின் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கிராங்க் கேஸைத் தவிர எல்லாம் புதிதான வண்டியை ஓட்டி வெல்பவர், அசல் ஏஜேஎஸ்ஸைத் தள்ளாடித் தள்ளாடிக் கொண்டுவருபவரோடு ஒரே பட்டியலில் நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சில போட்டி அமைப்பாளர்கள் மாற்றங்களுக்கு ஏற்பத் தனித்தனிப் பிரிவுகள் வகுப்பதும், அசல் நிலைக்கு அருகிலுள்ள வண்டிகளுக்கு எளிய தடம் தருவதும் நல்ல தீர்வு. என் சொந்த எல்லைக்கோடு இது: தேய்ந்து தூக்கியெறியப்படும் பொருள் எதையும் இன்றைய தரத்துக்கு மாற்றலாம்; டயர், செயின், கேபிள், லைனிங், ஷாக் அப்சார்பர், சீல் எல்லாம் இதில் அடங்கும். வண்டியின் வடிவவியலைத் தீர்மானிக்கும் எதையும் மாற்றுவதில்லை. ஃபுட்ரெஸ்டைச் சற்றுக் கீழேயும் பின்னேயும் நகர்த்துவது மட்டும் விதிவிலக்கு. அந்த மாற்றத்தால் உடலின் எடை பின்சக்கரத்தின்மேல் விழுந்து பிடிமானம் கூடும். அந்தக் காலத்து ஓட்டுநர்களே இதைச் செய்திருக்கிறார்கள்.

பட்டறையிலிருந்து வெளியே வந்தால் முதல் வேலை டயரின் காற்றை இறக்குவது. சாலை வண்டிக்கு 25, 30 பிஎஸ்ஐ வைத்துப் பழகியவருக்கு, பின் டயரில் 4 பிஎஸ்ஐ, முன் டயரில் 5 அல்லது 6 என்ற அளவு நம்ப முடியாததாக இருக்கும். அந்த அழுத்தத்தில் டயர் பாறையின் விளிம்பைச் சுற்றி வளைந்து பிடித்துக்கொள்கிறது. டியூப் போட்ட ரிம்மில் டயர் நழுவாமலிருக்கப் பிடிப்புக் கட்டைகள் இருக்க வேண்டும். இல்லையேல் டயர் ரிம்மில் சுழன்று டியூபின் வால்வைப் பிய்த்துவிடும். சாதாரணக் காற்றுமானிகள் இவ்வளவு குறைந்த அளவைச் சரியாகக் காட்டுவதில்லை. 15 பிஎஸ்ஐ வரை மட்டுமே அளக்கும் மானி வாங்குவது இந்தப் பொழுதுபோக்கின் மிகப் பயனுள்ள செலவுகளில் ஒன்று.

ஓட்டுவதன் இலக்கணம் நின்றபடி ஓட்டுவதில் தொடங்குகிறது. முழங்கால் சற்றே மடங்கியிருக்கும்; எடை முழுவதும் ஃபுட்ரெஸ்டில்; கைகள் ஹேண்டில்பாரைத் தொட்டுக்கொண்டிருக்குமே தவிரத் தொங்கிக்கொண்டிருக்காது. சாலையில் திரும்பும்போது வண்டியோடு சேர்ந்து உடலும் உட்பக்கம் சாய்கிறது. இங்கே வண்டி மட்டும் உட்பக்கம் சாய, உடல் வெளிப்பக்கம் நிற்க வேண்டும். வெளிப்புற ஃபுட்ரெஸ்டை அழுத்தினால் வண்டி மிகச் சிறிய வட்டத்தில் சுழல்கிறது. பார்வை முன்சக்கரத்தின்மேல் இருக்கக்கூடாது. சக்கரம் தொடவிருக்கும் பாறையை நீங்கள் முன்பே பார்த்துவிட்டீர்கள். இப்போது பார்க்க வேண்டியது அதற்கு அடுத்த திருப்பத்தை. ஏற்றத்தில் விசையை ஏற்றத்தின் அடியிலேயே சேர்த்துக்கொண்டு, மேலே செல்லச் செல்லத் திராட்டிலை மூட வேண்டும் என்பதுதான் கற்றுக்கொள்ளக் கடினமான பாடம். வண்டி தளரும்போது கை தானாகத் திராட்டிலைத் திருகும். சக்கரம் சுழன்று பள்ளம் தோண்டும். அங்கேயே ஐந்து புள்ளி. கனமான ஃபிளைவீலும் கசிவில்லாத கார்புரேட்டரும் கைகொடுப்பது இந்தக் கணத்தில்தான். திராட்டிலை மூடியும் எஞ்சின் இரண்டு மூன்று துடிப்புகளுக்கு உயிரோடிருந்தால் பின்சக்கரம் பிடிமானத்தை மீட்டுக்கொள்ளும். அந்த நேரத்தை வண்டிக்கு வாங்கித் தருவதற்காகவே பட்டறையில் சீலும் ஸ்லைடும் மாற்றினோம்.

இன்றைய டிரையல்ஸ் வீரர்கள் வண்டியை நிறுத்தி, சக்கரங்களைத் துள்ளவைத்து, நின்ற இடத்திலேயே திசை மாற்றுகிறார்கள். இரட்டை ஷாக் வண்டியில் அதைச் செய்ய முயல்பவருக்கு முதுகுவலிதான் மிச்சம். இங்கே எல்லாத் தீர்மானமும் செக்ஷனுக்குள் நுழைவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அதனால்தான் நடந்து பார்ப்பது விளையாட்டின் பாதி. நுழைவிலிருந்து முடிவு வரை ஒருமுறை, முடிவிலிருந்து நுழைவு வரை மறுமுறை நடந்தால், கீழிருந்து தெரியாத வேரும் தளர்ந்த கல்லும் மேலிருந்து தெரியும். செக்ஷன் சிறுகச் சிறுக மாறிக்கொண்டே இருக்கும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். முப்பது வண்டிகள் கடந்த பிறகு காலையில் இறுகியிருந்த மண் குழைந்திருக்கும், மூடியிருந்த பாறை வெளிப்பட்டிருக்கும். முதல் சுற்றில் எளிதாக இருந்த கோடு மூன்றாவது சுற்றில் இல்லாமலே போகும்.

புறப்படும் முன் இரண்டு பாதுகாப்பு ஏற்பாடுகளைச் சரிபார்க்கிறேன். மணிக்கட்டில் கட்டும் கயிற்றோடு கூடிய நிறுத்துவிசை ஒன்று. விழுந்த வண்டியின் திராட்டில் சிக்கிக்கொண்டாலும் எஞ்சின் அணைந்துவிடும். பின் ஸ்ப்ராக்கெட்டை மூடும் தகடு மற்றொன்று. சேற்றில் சிக்கிய வண்டியைப் பலர் சேர்ந்து இழுக்கும் விளையாட்டு இது. செயினுக்கும் பல்லுக்கும் இடையில் விரல் போகாமல் காப்பது அந்தத் தகடுதான். பழைய வண்டிகளில் இவை இருந்ததில்லை. அசல் தன்மை கெடுகிறது என்று இவற்றைப் பொருத்த மறுப்பவரோடு நான் விவாதிப்பதில்லை, அவருடைய வண்டியைத் தள்ளப் போவதும் இல்லை.

வண்டி பிரிந்து கிடக்கும் பருவங்களில் கண்காணிப்பாளராக நிற்க ஒப்புக்கொள்கிறேன். பெரும்பாலான போட்டிகளுக்கு ஓட்டுநர்களைவிடக் கண்காணிப்பாளர்கள் கிடைப்பதுதான் கடினம். ஒரே செக்ஷனின் ஓரத்தில் நாள் முழுவதும் நின்றால், ஐம்பது பேர் ஒரே பாறையை ஐம்பது விதமாக அணுகுவதைப் பார்க்கலாம். எழுபது வயதைக் கடந்த ஒருவர் தன் பழைய கோட்டாவில், எஞ்சின் துடிப்புகளை எண்ணிவிடலாம் போன்ற சுழற்சியில், இளைஞர்கள் மூன்று புள்ளி வாங்கிய இடத்தைக் கால் அசையாமல் கடந்து போனார். மதிய இடைவேளையில் அவருடைய வண்டியைச் சுற்றிவந்து பார்த்தேன். டேங்கின் சிவப்பு வெளிறியிருந்தது, மட்கார்டில் ஒட்டுப்போட்டிருந்தது. கார்புரேட்டர் மட்டும் புத்தம் புதியது.